வீட்டு ரிப்பேர் நம் கையில்: ஃப்ளஷ் டாங்கில் ஓயாத தண்ணீர்ச் சத்தமா?



ராத்திரி எல்லோரும் படுத்து, வீடு அடங்கின பிறகு கழிவறைப் பக்கமிருந்து "உஸ்ஸ்..." என்று மெல்லிசாக ஒரு சத்தம் வருகிறதா? ஃப்ளஷ் டாங்க் நிரம்பின பிறகும் தண்ணீர் ஏறிக்கொண்டே இருக்கிறது என்று அர்த்தம். பகலில் மிக்ஸி சத்தத்திலும் பிள்ளைகள் கூச்சலிலும் இது காதில் விழாது. அதனால்தான் மாசக்கணக்கில் கவனிக்காமல் விட்டுவிடுகிறோம்.

"இதெல்லாம் ஆம்பிளைங்க வேலை, பிளம்பர் வேலை" என்று ஒதுங்க வேண்டாம். குக்கருக்கு காஸ்கெட் மாற்றத் தெரிந்த கைக்கு இது பெரிய காரியமில்லை. எங்கள் தூத்துக்குடியில் பாதி வீடுகளில் ஆண்கள் கப்பலிலோ, கடலிலோ, துறைமுக ஷிஃப்டிலோ இருப்பார்கள். இந்தச் சின்ன வேலைக்கு பிளம்பர் உடனே வருவாரா? "நாளைக்கு வாரேன்க்கா" என்று சொல்லி நாலு நாள் ஆகும். அந்த நாலு நாளும் தண்ணீர் போய்க்கொண்டே இருக்கும்.

எங்கள் ஊர்த் தண்ணீரின் அருமையை முதலில் சொல்லிவிடுகிறேன். கடலும் உப்பளமும் சூழ்ந்த ஊர் இது. தோண்டினால் பெரும்பாலும் உப்புத் தண்ணீர்தான். நல்ல தண்ணீர் சுமார் 30 கிலோமீட்டர் தள்ளி, வல்லநாட்டில் தாமிரபரணி ஆற்றிலிருந்து வரவேண்டும். அந்தத் தண்ணீரை ஊருக்குக் கொண்டுவரப் பாடுபட்டவர் நகரசபைத் தலைவராக இருந்த குரூஸ் பர்னாந்து (1869-1930). இன்றைக்கும் எங்கள் ஊர்ப் பெரியவர்கள் குழாயைத் திறக்கும்போது அவர் பேரைச் சொல்வார்கள். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் வந்த பெருமழையை மறக்க முடியுமா? பக்கத்துக் காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் பெய்தது. தெருவெல்லாம் இடுப்பளவு தண்ணீர், ஆனால் குடிக்க ஒரு சொம்பு நல்ல தண்ணீர் இல்லாமல் தவித்தோம். ஊரே வெள்ளத்தில் மிதந்தாலும், குடத்தில் இருப்பதுதான் நமக்குத் தண்ணீர்.

டாங்குக்குள் நடப்பது என்ன?

டாங்கின் மூடியைத் தூக்கிப் பாருங்கள். உள்ளே இரண்டு பாகங்கள் முக்கியம். ஒன்று, தண்ணீரை உள்ளே விடுகிற வால்வு. கடைக்காரரிடமும் பிளம்பரிடமும் "பால் காக்" என்று சொன்னால் புரியும். இன்னொன்று, பட்டனை அழுத்தினால் தண்ணீரைக் கீழே விடுகிற அடி வால்வு. இன்று நாம் பார்க்கப் போவது முதலாவதை.

பால் காக்கின் தத்துவம் ரொம்பச் சுலபம். வலையின் மேல் விளிம்பில் மிதவையும் கீழ் விளிம்பில் ஈயக்குண்டும் கட்டியிருப்பதை எங்கள் கடற்கரைப் பெண்கள் தினமும் பார்க்கிறார்கள். மிதவை தண்ணீரோடு மேலே வரும். அதே மாதிரி இங்கேயும் ஒரு பந்து. தண்ணீர் ஏற ஏறப் பந்தும் ஏறுகிறது. பந்தோடு சேர்ந்த கம்பி நெம்புகோலாகி, மறுமுனையில் உள்ள ஒரு சின்ன ரப்பர் வாஷரைத் தண்ணீர் வரும் துவாரத்தின் மேல் அழுத்துகிறது. தண்ணீர் நின்றுவிடுகிறது. ஃப்ளஷ் செய்தால் பந்து இறங்கும், வாஷர் விலகும், தண்ணீர் மறுபடி வரும். ஆளில்லாமல் தானே திறந்து தானே மூடும் காவல்காரன் என்று வைத்துக்கொள்ளுங்களேன்!

இது நேற்று வந்த யோசனையும் இல்லை. கிறிஸ்து பிறப்பதற்கு சுமார் 250 வருஷங்களுக்கு முன்பே அலெக்ஸாண்டிரியாவில் கிடெசிபியஸ் என்பவர் நீர்க் கடிகாரத்தில் மிதவையை வைத்துத் தண்ணீரைக் கட்டுப்படுத்தினார். தொட்டி நிரம்பினால் தானே மூடும் மிதவை வால்வைப் பற்றி மெக்சிகோ நாட்டுப் பாதிரியார் அல்சாத்தே 1790-ல் எழுதினார்.

இப்போது கடைகளில் கிடைப்பது இரண்டு தினுசு. கம்பியும் பந்துமாக நீட்டிக்கொண்டிருப்பது பழைய தினுசு. நின்ற வாக்கில் ஒரு குழாய், அதிலேயே ஏறி இறங்கும் சின்ன டப்பா மாதிரி மிதவை என்பது புதுத் தினுசு. தத்துவம் இரண்டுக்கும் ஒன்றே.

ஏன் கெட்டுப்போகிறது?

முதல் காரணம் ரப்பர் வாஷர் தேய்வது. ஒரு நாளைக்கு இருபது முப்பது தடவை அழுந்தி அழுந்தி அதில் பள்ளம் விழுந்துவிடும். இரண்டாவது, தண்ணீரில் உள்ள உப்பும் சுண்ணாம்பும். எங்கள் ஊரில் சமையலுக்கு ஆற்றுத் தண்ணீர், கழிவறைக்கு போர் தண்ணீர் என்று வைத்திருக்கும் வீடுகள் ஏராளம். அந்த உப்புத் தண்ணீர் படிந்து, பித்தளைக் கம்பி பச்சை பூத்து, பிளாஸ்டிக்கில் வெள்ளை ஏடு கட்டி, மிதவை சரியாக ஏறி இறங்காது. மூன்றாவது, மொட்டைமாடித் தொட்டியின் அடிமணல் வந்து துவாரத்தில் உட்கார்ந்துகொள்ளும். நான்காவது, பந்திலேயே கீறல் விழுந்து உள்ளே தண்ணீர் புகுந்துவிடும். பந்தைக் கழற்றி, கொப்பரைத் தேங்காயை ஆட்டுகிற மாதிரி காதோரம் ஆட்டிப் பாருங்கள். உள்ளே தண்ணீர் ஆடினால் பந்தை மட்டும் மாற்றினால் போதும்.

டாங்க் தண்ணீரில் போட்டுவைக்கும் குளோரின் வில்லைகளும் ரப்பரை அரித்துவிடும். அவை இல்லாமலேயே கழிவறையைச் சுத்தமாக வைக்கலாம்.

குற்றவாளி யார்?

புது வால்வு வாங்க ஓடும் முன் கண்டுபிடிக்க வேண்டியது இது. உள்ளே விடும் வால்வு பழுதா, கீழே விடும் வால்வு பழுதா?

டாங்கின் உள்சுவரில் தண்ணீர் நிற்கும் மட்டத்தில் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். சுவரோரம் இருக்கும் ஆங்கிள் வால்வை மூடிவிட்டு அரை மணி நேரம் யாரும் ஃப்ளஷ் செய்யாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தண்ணீர் கோட்டுக்குக் கீழே இறங்கியிருந்தால் அடி வால்வின் ரப்பர் பழுது. சந்தேகம் இருந்தால் துணிக்குப் போடும் நீலம் நாலு சொட்டை டாங்கில் விட்டுப் பாருங்கள். ஃப்ளஷ் செய்யாமலே கழிவறைக் கோப்பையில் நீலம் தெரிந்தால் அதுதான் விஷயம்.

கோட்டிலேயே தண்ணீர் நின்று, ஆங்கிள் வால்வைத் திறந்ததும் மட்டம் ஏறி, நடுவிலுள்ள வழிகுழாயின் வாய் வழியாக வழிகிறதா? அப்படியானால் பால் காக்தான். மிதவையைக் கையால் முழுக்க மேலே தூக்கிப் பிடியுங்கள். தண்ணீர் நின்றுவிட்டால் வால்வு நன்றாகவே இருக்கிறது, மிதவையின் உயரத்தைக் கொஞ்சம் குறைத்தால் போதும். தூக்கிப் பிடித்தும் நிற்காவிட்டால் வாஷரோ வால்வோ மாற்றவேண்டியதுதான்.

ஒரு மாடி வீட்டுக் கணக்கு

எங்கள் தெருவில் ஒரு மாடி வீடு. குடியிருப்பது கைக்குழந்தைக்காரி. வீட்டுக்காரர் கப்பலுக்குப் போயிருக்கிறார். கீழே வீட்டுச் சொந்தக்கார ஆச்சி. மோட்டார் கரண்ட் பில் ஆச்சி பேரில்தான் வருகிறது. ஒருநாள் ஆச்சி படியில் நின்று சத்தம் போட்டது தெருவுக்கே கேட்டது.

"கைப்புள்ளையும் தாயுமா ரெண்டு பேரு. ஆயிரம் லிட்டர் தொட்டி எங்கன போவுது? பீத்துணி அலசுதியா, இல்ல தண்ணிய விக்கியா? எனக்குக் கட்டுப்படியாவாது. வேற வீடு பாத்துக்கோ."

அந்தப் பெண் என்னிடம் வந்து அழுதாள். "அக்கா, புள்ளைக்கு மூணு மாசங்கூட ஆவல. இவனத் தூக்கிக்கிட்டு நான் எங்கன போயி வீடு தேட?" குழந்தைத் துணியைக்கூட இரண்டு நாளுக்கு ஒரு தடவைதான் அலசுகிறாளாம், தண்ணீருக்குப் பயந்து. குழந்தைக்குத் தொடையிடுக்கெல்லாம் சிவந்து புண்ணாகியிருந்தது. பார்க்கப் பொறுக்கவில்லை.

மேலே போனேன். கழிவறையில் "உஸ்ஸ்" சத்தம். மேலே சொன்ன பென்சில் கோடு சோதனையைச் செய்தேன். பால் காக்தான். உடனே மாற்றிவிடலாம்தான். ஆனால் எவ்வளவு போகிறது என்று ஆச்சிக்குக் கணக்குக் காட்ட வேண்டும் இல்லையா? மிதவையை முழுக்கத் தூக்கி ஒரு நாடாவால் கட்டினேன். லிட்டர் அளவுள்ள மக்கால் ஒரு லிட்டர் மோந்து எடுத்தேன். மட்டம் மறுபடி கோட்டுக்கு வர எத்தனை நிமிஷம் என்று கடிகாரத்தைப் பார்த்தோம். 4 நிமிஷம்.

4 நிமிஷத்துக்கு 1 லிட்டர் என்றால் மணிக்கு 15 லிட்டர். ஒரு நாளைக்கு 360 லிட்டர். 15 லிட்டர் குடத்தில் 24 குடம்! ஆயிரம் லிட்டர் தொட்டி மூன்று நாள்கூடத் தாங்காது. இத்தனைக்கும் அது ஒரு நூலிழைத் தண்ணீர்தான். நகரத்தில் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர், அதில் கழிவறைக்கு 45 லிட்டர் என்பது நம் நாட்டில் அதிகாரிகள் வைத்திருக்கும் அளவு. அப்படிப் பார்த்தால் எட்டுப் பேர் கழிவறைக்குச் செலவழிக்கும் தண்ணீரை, ஒரு தேய்ந்த ரப்பர் குடித்துக்கொண்டிருந்தது.

ஆச்சியைக் கையோடு மேலே அழைத்துவந்து, மக்கையும் கடிகாரத்தையும் வைத்து மறுபடி அளந்து காட்டினோம். ஆச்சி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "இருபத்துநாலு குடமா! இத முன்னாலயே பாத்திருக்கலாமேட்டி" என்று சொல்லி, முந்தானையில் முடிந்திருந்த பணத்தை எடுத்து, "நல்ல சாமானா வாங்கிட்டு வா" என்று கொடுத்தார். வீடு மாறும் பேச்சு அதோடு நின்றது. வாடகை வீட்டில் இருக்கும் சகோதரிகளும், வாடகைக்கு விட்டிருக்கும் சகோதரிகளும் இந்த அளவை ஒரு தடவை எடுத்துப் பாருங்கள். சண்டை வருவதற்கு முன் கணக்கு வரட்டும்.

மாற்றும் முறை

தேவையான சாமான்கள்: புது பால் காக், ஒரு அட்ஜஸ்டபிள் ஸ்பேனர், பழைய துணி, பக்கெட், மக், பழைய டூத் பிரஷ். ஆங்கிள் வால்வையும் மாற்றுவதானால் டெஃப்லான் டேப் ஒன்று.

கடைக்குப் போகும்போது பழைய வால்வைக் கழற்றிக் கையோடு எடுத்துப் போவது நல்லது. முடியாவிட்டால் செல்போனில் டாங்கின் உட்புறத்தைப் படம் பிடித்துப் போங்கள். பைப் டாங்கின் பக்கவாட்டில் நுழைகிறதா, அடிப்பக்கமாக நுழைகிறதா என்று கவனியுங்கள். இரண்டுக்கும் வால்வு வேறு வேறு. வீட்டு டாங்குகளுக்குப் பெரும்பாலும் அரை இஞ்சு அளவுதான். ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். உப்புத் தண்ணீர் வரும் வீட்டுக்குப் பித்தளையைவிட நல்ல பிளாஸ்டிக் வால்வு தேவலை. பச்சை பூக்காது.

1. ஆங்கிள் வால்வை மூடுங்கள். உப்புப் பூத்து இறுகியிருந்தால் மல்லுக்கட்ட வேண்டாம். உடைந்தால் வீடு குளமாகிவிடும். மாடித் தொட்டியின் கீழுள்ள கேட் வால்வை மூடிவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

2. டாங்கின் மூடியை எடுத்து, மடித்த சாக்கின் மேல் படுக்கவாட்டில் வையுங்கள். பீங்கான் மூடியாக இருந்தால் சுவரில் சாய்த்து வைக்கவே கூடாது. குழந்தை இழுத்தால் காலில் விழும்.

3. ஃப்ளஷ் செய்யுங்கள். அடியில் மிஞ்சிய தண்ணீரைத் துணியால் ஒற்றிப் பக்கெட்டில் பிழியுங்கள்.

4. கனெக்ஷன் பைப்பின் நட்டுக்குக் கீழே மக்கைப் பிடித்துக்கொண்டு நட்டைத் தளர்த்துங்கள். பைப் பக்கமிருந்து டாங்கைப் பார்த்தாற்போல் வைத்துக்கொண்டு, கடிகார முள்ளுக்கு எதிர்ப்புறம் சுற்றவேண்டும். இறுகியிருந்தால் வினிகரில் நனைத்த துணியை அரை மணி நேரம் சுற்றி வைத்தால் உப்பு இளகும்.

5. ஒரு கையால் டாங்குக்குள் வால்வைப் பிடித்துக்கொண்டு, மறுகையால் வெளியே உள்ள பூட்டு நட்டைக் கழற்றுங்கள். உள்ளே பிடிக்காவிட்டால் வால்வும் சேர்ந்து சுற்றி, டாங்கில் கீறல் விழலாம். பழைய வால்வு கையோடு வந்துவிடும்.

6. துவாரத்தின் விளிம்பைப் பிரஷால் தேய்த்து ஈரம் போகத் துடையுங்கள். இங்கே ஒரு கல் உப்பு இருந்தாலும் பின்னால் சொட்டும்.

7. புது வால்வின் ரப்பர் வாஷர் டாங்கின் உள்பக்கம் இருக்கவேண்டும். நட்டு வெளியே. கையால் முடிந்தவரை இறுக்கி, ஸ்பேனரால் கால் சுற்று. அவ்வளவுதான். பிளாஸ்டிக் மரையில் பலத்தைக் காட்டினால் மரை கழன்றுவிடும்.

8. பைப்பை மாட்டும் முன், அதன் வாயைப் பக்கெட்டுக்குள் பிடித்து, தண்ணீரை ஒரு நிமிஷம் திறந்து மூடுங்கள். தேங்கிய மணலெல்லாம் வந்துவிடும். பலர் இதைச் செய்வதில்லை. அந்த மணலே புது வால்வையும் ஒரே வாரத்தில் கெடுத்துவிடும்.

9. பைப்பை மாட்டுங்கள். நட்டுக்குள் ரப்பர் வாஷர் இருந்தால் டேப் தேவையில்லை. சுவரில் மரையோடு ஏறும் ஆங்கிள் வால்வுக்குத்தான் டேப் வேண்டும்.

10. வால்வோடு ஒரு மெல்லிய ரப்பர் குழாய் வந்தால் அதன் நுனியை வழிகுழாயின் வாயில் மாட்டுங்கள். ஆழமாகச் செருகிவிடாதீர்கள். நுனி தண்ணீர் மட்டத்துக்கு மேலேயே இருக்கட்டும்.

11. தண்ணீரை மெள்ளத் திறந்து நிரப்புங்கள். வழிகுழாயின் வாய்க்கு ஒரு இஞ்சு கீழே தண்ணீர் நிற்கவேண்டும். புதுத் தினுசில் திருகையோ கிளிப்பையோ நகர்த்தலாம். பழைய தினுசில் கம்பியை லேசாகக் கீழ்ப்பக்கம் வளைத்தால் மட்டம் இறங்கும். மிதவை சுவரில் உரசக்கூடாது.

12. இணைப்புகளின் கீழே செய்தித்தாளை விரித்து ஒரு மணி நேரம் கழித்துப் பாருங்கள். காய்ந்தே இருந்தால் வேலை முடிந்தது.

முழு வேலையும் நிதானமாகச் செய்தால் ஒரு மணி நேரம். குழந்தை தூங்கும் நேரத்தில் முடித்துவிடலாம். பழைய பித்தளை வால்வாக இருந்து, உடம்பு நன்றாக இருந்தால் வாஷரை மட்டும் மாற்றலாம். கம்பியைப் பிடித்திருக்கும் பிளந்த ஊசியை நிமிர்த்தி உருவினால் கம்பி கழன்று வரும். உள்ளே இருக்கும் உருளையை வெளியே எடுத்து, அதன் முனை மூடியைத் திருகினால் வாஷர் தெரியும். ஆனால் அந்த வாஷர் உட்காரும் துவாரத்தின் விளிம்பே அரித்துப் போயிருந்தால், எத்தனை வாஷர் போட்டும் பிரயோஜனமில்லை. வால்வையே மாற்றுங்கள்.

தாய்மார்கள் கவனத்துக்கு

* உப்பு ஏட்டைப் போக்க ஆசிட் ஊற்றாதீர்கள். வினிகர், எலுமிச்சை, புளித் தண்ணீர் இவையே போதும். ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் எந்தக் காரணம் கொண்டும் ஒன்றாகச் சேர்க்கக்கூடாது. கிளம்பும் குளோரின் வாயு நெஞ்சை அடைத்துவிடும். சின்னக் கழிவறைக்குள் உயிருக்கே ஆபத்து.

* டெங்கு பரப்பும் கொசு நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும். மூடி உடைந்த ஃப்ளஷ் டாங்க் அதற்குத் தொட்டில் மாதிரி. முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். விருந்தாளிகளுக்கென்று மூடி வைத்திருக்கும் கழிவறையில் வாரம் ஒரு தடவையாவது ஃப்ளஷ் செய்யுங்கள். கோடை லீவுக்கு ஊருக்குப் போனால் ஆங்கிள் வால்வை மூடி, டாங்கைக் காலி செய்துவிட்டுப் போங்கள்.

* இணைப்பில் சொட்டும் தண்ணீர் தரையில் பாசி பிடிக்கும். கர்ப்பிணிகளும் வயதான மாமியாரும் ராத்திரியில் போய்வரும் இடம். சொட்டு நிற்கும்வரை அங்கே ஒரு பழைய சாக்கை விரித்து, தினம் எடுத்துக் காயப்போடுங்கள்.

* மாசத்துக்கு ஒரு தடவை ஆங்கிள் வால்வை முழுக்க மூடித் திறந்து வையுங்கள். உப்பு இறுகாது. அவசரத்துக்குக் கை கொடுக்கும்.

* வீட்டில் பெண் குழந்தை இருந்தால், இந்த வேலையைச் செய்யும்போது பக்கெட் பிடிக்கப் பக்கத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். பையனையும்தான். கோலம் போடக் கற்றுக்கொடுக்கிற மாதிரி இதையும் பார்த்துப் பழகட்டும்.

ஆறுமுகநேரி சகோதரி ஒருவர், "எங்கள் வீட்டில் டாங்க் நிரம்ப அரை மணி நேரம் ஆகிறது. புது வால்வு வாங்கவேண்டுமா?" என்று கேட்டிருக்கிறார். வேண்டாம் சகோதரி. பெரும்பாலான வால்வுகளில் தண்ணீர் நுழையும் வாயில் ஒரு குட்டிச் சல்லடை இருக்கும். அதில் மணலும் சுண்ணாம்பும் அடைத்திருக்கும். தண்ணீரை மூடி, பைப்பைக் கழற்றி, சல்லடையை எடுத்து வினிகரில் ஒரு மணி நேரம் ஊறவைத்துப் பிரஷால் தேயுங்கள். பழையபடி சீக்கிரம் நிரம்பும்.

அடுத்த இதழில், சமையலறைக் குழாயின் சொட்டை நிறுத்துவது எப்படி என்று பார்ப்போம். அதற்குள் இன்று ராத்திரி படுக்கப் போகுமுன், மோட்டாரையும் ஃபேனையும் அணைத்துவிட்டு, கழிவறை வாசலில் ஒரு நிமிஷம் காது கொடுத்துக் கேளுங்கள்.